ஈ இருந்த இடம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவன் எழுதுகிறேன். நான் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மா எப்படி இருக்கிறாள்? சர்க்கரை மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு "போட்டாச்சு, போட்டாச்சு" என்று சொல்லும் வித்தை இன்னும் நடக்கிறதா?

உன்னிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். எங்கள் அருங்காட்சியகத்தில் ஈப் பிரிவின் தலைவர், அதுதான் நான் முன்பே எழுதினேனே மீசைக்காரர் என்று, அவர் ஒரு புத்தகம் போடப் போகிறார். இதுவரை ஒரு ஈயை இன்ன ஈ என்று சொல்ல, அதைப் பிடித்து ஊசியில் குத்தி, பூதக்கண்ணாடிக்கு அடியில் வைக்க வேண்டும். இனிமேல் போட்டோவைப் பார்த்தே யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் என்பதுதான் புத்தகம். படம் சேர்ப்பதும், ஒவ்வொன்றும் என்ன ஈ என்று எழுதுவதும் என் வேலை. ஜூலைக்குள் முடித்தால் என் ஒப்பந்த வேலையை நிரந்தரம் செய்யக் கையெழுத்துப் போடுவதாக வாயால் சொல்லியிருக்கிறார். அவர் வாயால் சொன்னால் கல்லில் எழுதின மாதிரி.

படத்துக்கு ஊரெல்லாம் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. வீட்டிலேயே ஒரு போட்டோகாரியை வைத்துக்கொண்டு, வெண்ணெய் கையிலிருக்க நெய்க்கு அலைகிறேனே! உங்கள் ஸ்டுடியோவில் கிட்டத்தில் எடுக்கும் லென்ஸ் இருக்கிறது அல்லவா? மேலிருந்து ஒன்று, முதுகுக் கோடு தெரிய. பக்கவாட்டில் ஒன்று, உடம்பில் முள் மாதிரி நிற்கும் ரோமம் தெரிய. இறக்கை நரம்பு தெரிந்தால் நீ கேட்டதை வாங்கித் தருவேன்.

அம்மாவிடம் சொல், அவள் பிள்ளை இந்த வருஷம் நிமிர்ந்துவிடுவான் என்று.

அன்புடன்,
சின்னவன்


ஜனவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

நான் இருக்கிறேன். அம்மா நலம் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை பாஸ்போர்ட் சைஸ் முகங்களைப் பார்த்து "முகவாயைத் தூக்குங்க, கண்ணை மூடாதீங்க" என்று கத்துவது என் பிழைப்பு. ஈயிடம் அதுவும் செல்லாது. கல்யாண ரோலில் மிச்சமாகும் நாலைந்து ஃபிரேமில் உன் ஈக்களை எடுக்கிறேன். லேபிலிருந்து பிரிண்ட் வந்ததும் எங்கள் முதலாளி மிரண்டுபோய், "ஏம்மா, மணப்பொண்ணுக்கு அடுத்தாப்பல இது யாரு?" என்று கேட்டார். "மாப்பிள்ளை வீட்டாருங்க" என்றேன்.

அம்மாவிடம் உன் கடிதத்தை வாசித்தேன். "ஊர்ல வேலையில்லாதவன்தான் ஈ ஓட்டுவான். என் பிள்ளை வேலை கிடைச்சு ஈயைக் கூப்பிடறான்" என்றாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

ஆறு படம் வைத்திருக்கிறேன். நாலு சமையலறை ஜன்னலில் எடுத்தது. இரண்டு குளியலறைச் சுவரில், தண்ணீர் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில். அது ஈயா கொசுவா என்று எனக்குத் தெரியவில்லை.

வேறு விசேஷம் இல்லை. டிசம்பரில் அம்மாவுக்கு ஒரு செருப்பு வாங்கினேன். அதில் வலது கால் செருப்பு இன்னும் கடையில் இருந்த மாதிரியே பளபளவென்று இருக்கிறது. சும்மா தோன்றியது, எழுதினேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கவர் வந்தது. நீ நன்றாக இருப்பதும் அம்மா நலமாக இருப்பதும் அறிந்து சந்தோஷம்.

படமா அது! மீசைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நாலும் வீட்டு ஈ. முதுகில் நாலு கறுப்புக் கோடு இருக்கிறது பார், அதுதான் அடையாளம். இறக்கையில் நாலாவது நரம்பு முழங்கை மாதிரி மடங்கும். இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டினாற்போல் இருந்தால் ஆண், நடுவே இடம் விட்டிருந்தால் பெண். உன் ஜன்னலில் மூன்று பெண்ணும் ஒரு ஆணும். பாவம் அவன். குளியலறையில் இருப்பதும் ஈ வகைதான், மேலெல்லாம் ரோமம், சாக்கடைப் பாசியில் வளரும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றிப் பார், அம்மா சந்தோஷப்படுவாள்.

ஒரு சின்னக் குறை. நீ பின்னால் இருப்பதையும் சேர்த்து எடுக்கிறாய். ஜன்னல் கம்பி, டம்ளர், ஒரு மருந்துச் சீட்டு, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு? நான் ஈயை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிவிடுகிறேன். மிச்சத் துண்டுகளை எறிய மனசு வரவில்லை. மேசை டிராயரில் போட்டுவைக்கிறேன், பின்பக்கம் குறிப்பெழுத உதவும். நான் அம்மாவின் பிள்ளை அல்லவா? அவள் பழைய கவரைக்கூடப் பிரித்துத் திருப்பி ஒட்டுவாள்.

இன்னும் கிட்டே போ. பயப்படாதே, ஈ கடிக்காது.

சின்னவன்


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம் என்று எழுதச் சொன்னாள்.

பாசிக்குக் கொதிதண்ணீர் ஊற்றினேன். போய்விட்டன. அதற்குப் பதிலாக வேறு வந்திருக்கிறது. பச்சை, கண்ணாடிக் காகிதம் மாதிரி மின்னுகிறது. கீழே ஒன்றுகூட இல்லை. மாடியறையில் மட்டும்தான், அதுவும் அம்மா கட்டில் பக்கம். பினாயில் போட்டுத் துடைத்தும், ஜன்னலுக்கு வலை அடித்தும், எந்த வழியாக வருகிறதோ வந்துவிடுகிறது. நாலு படம் எடுத்திருக்கிறேன். வெள்ளைத் துணியின் மேல் உட்கார்ந்திருப்பது நன்றாக வந்திருக்கிறது.

பக்கத்துத் தெரு நர்ஸம்மா இப்போதெல்லாம் வாரத்தில் பாதி நாள் நம் வீட்டுக்கு வந்து போகிறார். என்ன அப்படி ஒரு சிநேகிதம் என்று நீ கேட்டால் சொல்வேன்.

விஷயம் இதுதான். அம்மா என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவளைப் பற்றி ஒன்று உனக்கு நானாக எழுதக் கூடாது. நீயாகக் கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. அது அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றிவிட்டது. அதனால் கேள். கேட்பதற்கு வாய் வராவிட்டால் படங்களையாவது கண்ணைத் திறந்து பார்.

எப்போதும் போல் இதையும் விளையாட்டாக எடுத்துக்கொண்டுவிடாதே. உடனே எழுது.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தாமதத்துக்குத் திட்டாதே, முந்நூறு படங்களுக்கு மேல் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் தேனீயை எடுத்து ஈ என்று அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு இறக்கையா நாலா என்று எண்ணத் தெரியாத ஜனங்கள்!

சத்தியமாம் சத்தியம்! உன்னை எனக்குத் தெரியாதா? நர்ஸம்மா வந்து போகிறாராம், அம்மா சத்தியம் வாங்கினாளாம், தம்பிக்குச் சொல்லக் கூடாதாம். நர்ஸம்மாவுக்குக் கல்யாணமாகாத அண்ணன் இருக்கிறாரா? உன்னைத் தள்ளிவிட அம்மா கடைசியில் ஆள் பிடித்துவிட்டாள், அது அவளைப் பற்றியது என்று நீ மழுப்புகிறாய். போ, நான் கேட்கவே மாட்டேன். ரகசியமாகவே இருக்கட்டும். நேரே சாப்பாட்டுப் பந்தியில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் பச்சை ஈயைப் பார்த்து இங்கே ஆளாளுக்குக் கூத்தாடினார்கள். அது அழுகிய மாமிசத்துக்கும் சீழுக்கும் வரும் ஈ. பக்கத்தில் எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா, கட்டிலுக்கு அடியில் பார். அதில் பல வகை, படத்தை வைத்துக் கடைசிவரை பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதுகு முள் இவ்வளவு தெளிவாக நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. பச்சை ஈ லேசில் ஓரிடத்தில் நிற்காது. எப்படி அதை அசையாமல் உட்காரவைத்தாய்? தேன் தடவினாயா? தொழில் ரகசியம் என்றால் காதோடு சொல்.

அம்மாவுக்கு என் முத்தம்.

சின்னவன்


ஏப்ரல் 29

சின்னவனுக்கு அம்மா ஆசீர்வாதம்.

எழுதற கை உங்கக்காவோடது, வாய் என்னோடது. நான் நல்லா கல்லு மாதிரி இருக்கேன். உன் கடுதாசியில ஈக்கு ரெண்டு பக்கம், எனக்கு ஒரு வரி. பெத்தவளை விட ஈ ஒசத்தியாப் போச்சா? போகட்டும், சோறு போடுதே.

ஒண்ணு கேட்டுக்கோ. அப்பாவுக்கு முடியலைன்னு தெரிஞ்சதும் அன்னிக்கு எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்தே. அப்பாவும் போனார், உன் வேலையும் போச்சு. அப்புறம் ரெண்டு வருஷம் நீ சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தே. உன் எதிர்ல உட்கார்ந்து அதைப் பார்த்தவ நான். இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது. அந்த மீசை கையெழுத்துப் போடற வரைக்கும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே. நான் எங்கே ஓடிடப் போறேன்?

கையெழுத்து ஆனதும் வா. உங்கக்கா ஊரான் மூஞ்சியெல்லாம் எடுக்கறா, என்னை ஒரு படம் எடுத்ததில்லை. தலை சீவிக்கிட்டு உன் பக்கத்துல நின்னு எடுத்துக்கணும். வேளைக்குத் தின்னு.

தம்பிக்கு: மேலே இருப்பது அவள் சொன்னது. நான் கையை மட்டும்தான் கொடுத்தேன். இனிமேல் எழுதுவது நான்.

எலியும் இல்லை, தேனும் இல்லை. ஈ உட்கார்ந்த இடம் அசையவில்லை, அதனால் ஈயும் அசையவில்லை. மூளையைக் கொஞ்சம் போட்டு யோசி. மூன்று படம் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றே தள்ளி நின்று எடுத்திருக்கிறேன், ஈ சின்னதாகத்தான் தெரியும். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்த மூன்றையும் வெட்டாதே. கத்தரியை எடுப்பதற்கு முன்னால் படத்தை முழுசாக ஒரு தடவை பார். ஒரே ஒரு தடவை.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். அம்மா சொல்லி நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். இனி அவளுக்குத் தனிக் கடிதம் எழுதுவேன், சத்தியம்.

கோபித்துக்கொள்ளாதே. கவரைப் பிரித்ததும் படங்களைத்தான் எடுத்தேன். வெட்டி ஒட்டி முடித்த பிறகுதான் உன் கடிதத்தையே படித்தேன். போட்டோகாரியின் படத்தில் கத்தரி வைத்தால் கொதிப்பு வரத்தான் செய்யும். ஆனால் இது எங்கள் தொழில் கட்டுப்பாடு. எங்களிடம் ஒரு கறுப்பு அட்டை உண்டு, நடுவில் சதுரமாக ஓட்டை. படம் வந்தவுடன் அதை மேலே வைத்துவிட வேண்டும். ஈ மட்டும் தெரியும். "இடத்தைப் பார்த்து ஈயைச் சொல்லாதே" என்பார் மீசைக்காரர். சாணத்தைப் பார்த்தால் மனசு தானாகச் சாண ஈ என்று சொல்லிவிடும் அல்லவா? நான் இந்த அட்டையை வைத்தே பழகிவிட்டேன், அது இல்லாமல் எனக்கு ஈயே தெரிவதில்லை.

இப்போது முக்கியமான சங்கதி. மூன்றில் இரண்டு, சாம்பல் உடம்பும் சிவப்புக் கண்ணுமாக இருக்கும் இறைச்சி ஈ. மூன்றாவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நீலப்பச்சை, பருத்த தலை. இதில் அச்சாக ஒரே மாதிரி இரண்டு வகை உண்டு. ஒன்று குப்பைக்கு வருவது. இன்னொன்று புண் ஈ. இறக்கை அடியில் ஒரு சின்ன மடல் இருக்கும். குப்பை ஈக்கு அது புகை படிந்த நிறம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், உன் படத்தில் அது வெள்ளை. படத்தை வைத்து அடித்துச் சொல்லக் கூடாது, ஆனாலும் எனக்குச் சந்தேகமில்லை.

புண் ஈ செத்ததற்கு வராது அக்கா. உயிரோடு இருக்கும் உடம்பின் புண்ணில்தான் முட்டையிடும். புழு உள்ளே உள்ளே தின்றுகொண்டே போகும். அக்கம்பக்கத்தில் நாயோ மாடோ ஆறாத புண்ணோடு கிடக்கிறது, அது நிச்சயம். உடனே டாக்டரிடம் காட்டி உள்ளே இருப்பதை ஒன்று விடாமல் எடுக்கச் சொல். புண்ணைத் திறந்து வைக்கவே கூடாது. ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, தள்ளினால் அது பிழைக்காது. எந்தப் பிராணி என்று எனக்குக் கட்டாயம் எழுது, புத்தகத்தில் குறிக்க வேண்டும்.

நாளைக் காலை மீசைக்காரரோடு மலைக்காட்டு முகாமுக்குப் போகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அங்கே தபாலும் இல்லை போனும் இல்லை. உன் கடிதம் என் மேசையில் காத்திருக்கும்.

அவசரத்தில்,
சின்னவன்


மே 15

தம்பிக்கு,

கடைசியில் கேட்டுவிட்டாய். நீ என்ன நினைத்துக் கேட்டாயோ, கேட்டுவிட்டாய். கேட்டால் சொல்லலாம், சத்தியத்தில் அதற்கு இடமிருக்கிறது.

நீ கேட்ட பிராணி அம்மா.

டிசம்பரில் மாடிப்படி ஆணியில் வலது குதிகால் கிழிந்தது. சின்னக் காயம்தான். சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. புதுச் செருப்பைப் பற்றி எழுதினேனே, அந்தக் காலை அதற்குள் அவள் ஒரு நாளும் விடவில்லை. பிப்ரவரியில் விரல்வரை பரவி, இரண்டு கால்விரலை எடுத்தார்கள். பச்சை ஈ உட்கார்ந்திருந்த வெள்ளைத் துணி அந்தக் கட்டு. "அவனுக்கு எழுதினே, அன்னிக்கே சர்க்கரை ஊசியை நிறுத்திடுவேன்" என்றாள். நான் நம்பவில்லை. "எழுதத்தான் போறேன்" என்று பேனாவை எடுத்தேன். அன்று பகல் முழுக்க ஊசி போட விடாமல் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். சாயங்காலம் நினைவு தப்பியது. அதற்குப் பிறகுதான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நீயே சொல், நான் வேறு என்ன செய்திருக்க முடியும்?

அதனால்தான் படம். ஈயைத்தானே எடுக்கிறேன் என்று அவள் சும்மா இருந்தாள். நீ பார்த்துவிடுவாய் என்று நான் ஒவ்வொரு கவரையும் ஒட்டினேன். ஒவ்வொரு பதிலிலும் ஈயின் பெயர் வந்தது.

உன் கடிதம் வந்த அன்றே அதை டாக்டரிடம் காட்டினேன். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "உங்க தம்பி படத்தை வச்சே சரியாச் சொல்லியிருக்கார்ம்மா" என்றார். உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ஆனால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதாம். காலையே எடுக்க வேண்டும், அதற்கும் உடம்பு தாங்காது என்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன்.

உன் அலுவலகத்துக்கு போன் செய்தேன். முகாமுக்குச் சொல்லி அனுப்புகிறோம் என்றார் யாரோ. யார் என்று பெயர் கேட்கத் தோன்றவில்லை. சொன்னார்களா? நேற்று அரைத் தூக்கத்தில் "சின்னவனுக்குக் கையெழுத்து ஆச்சா?" என்று கேட்டாள். "ஆச்சும்மா" என்று பொய் சொன்னேன். "அப்ப வரச் சொல்லு" என்றாள்.

வா.

அக்கா


ஜூன் 3

தம்பிக்கு,

முந்தாநாள் காலையில் அம்மா போய்விட்டாள். உன் அலுவலகத்துக்கு மறுபடி போன் செய்தேன். மலையில் மழை, ஆள் போக முடியவில்லை என்றார்கள். காத்திருக்க முடியவில்லை.

இந்தக் கவரில் ஒரே ஒரு படம் இருக்கிறது. அவள் கேட்ட படம். தலை சீவிவிட்டுத்தான் எடுத்தேன். அவளுக்குப் பக்கத்தில் உனக்காக இடம் விட்டு எடுத்திருக்கிறேன்.

இதில் ஈ இல்லை. தேடாதே. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததிலிருந்து தூக்கிப் போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தேன். ஒன்றைக்கூட அவள் மேல் உட்கார விடவில்லை.

அக்கா


ஜூலை 28

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கும் வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன்.

முகாமிலிருந்து திரும்பி, மேசையில் இருந்த உன் இரண்டு கடிதங்களையும் நின்றபடியே படித்து, அப்படியே ஓடி வந்தேன். வந்து என்ன? கட்டிலைக்கூட மடித்து வைத்துவிட்டாய். நான் வீட்டில் இருந்த நாட்களில் நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை வைத்தாய், எடுத்தாய். கிளம்பும்போது கதவைத் திறந்துவிட்டாய். ஏதாவது திட்டியிருக்கலாம். நானும் வாய் திறக்கவில்லை, திறந்தால் என்ன வரும் என்று பயமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் வேலை நிரந்தரமாகிவிட்டது. மீசைக்காரர் ஆர்டரைக் கையில் கொடுத்து, "அம்மா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்றார். நல்ல மனுஷர், மனசார சொன்னார். எனக்கு அந்தக் காகிதத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதை வைக்கத்தான் டிராயரைத் திறந்தேன். துண்டுகள் இருந்தன. உன் படங்களில் நான் வெட்டிப்போட்ட மிச்சம், எல்லாம் அப்படியே. பின்பக்கத்தில் என் கையெழுத்தில் குறிப்பு: நாலாவது நரம்பு, முதுகு முள், வெள்ளை மடல். திருப்பிப் போட்டு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒரு பெரிய அட்டையில் ஒட்டினேன். மேசை முழுக்க அம்மா வந்துவிட்டாள் அக்கா. கட்டில் கால், நீலப் போர்வை, தண்ணீர் டம்ளர், இரண்டு விரல் இல்லாத பாதம். குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓட்டை. இன்னொன்றில் கை, அவளுடைய வளைந்த சுண்டுவிரல். புறங்கையில் ஓட்டை. எல்லாம் நான் போட்ட ஓட்டை, கோடு பிசகாமல், ஒரே அளவில்.

கடைசிப் படம் முகம். காது இருக்கிறது, நெற்றியில் ஒட்டிய நரைமுடி இருக்கிறது. கன்னம் இல்லை. கண் திறந்திருக்கிறது. ஈயை ஓட்டக்கூடக் கை எழும்பாமல், கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தூங்குகிறாள் என்று நீ நினைத்து எடுத்தாயா, அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தே எடுத்தாயா? படம் யாருக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் நான் அட்டையை வைத்து மூடியிருக்கிறேன்.

ஆல்பத்திலிருந்து அந்த ஈக்களை மீசைக்காரரிடம் திருப்பிக் கேட்டேன். "எண் போட்டாச்சேப்பா, அச்சுக்கும் போயாச்சு, இனி நான் நினைச்சாலும் எடுக்க முடியாது" என்றார். புத்தகத்தில் அம்மாவின் கன்னம் வரப் போகிறது, ஈக்கு அடியில். பார்ப்பவர்களுக்கு அது ஏதோ பழுப்பு நிறம்.

ஈ போனால் போகட்டும். உன்னிடம் நெகட்டிவ் இருந்தால் அந்த முகத்தை மட்டும் முழுசாக ஒரு பிரிண்ட் போட்டு அனுப்பு. இதைக் கேட்க எனக்கு அருகதை இல்லை என்று தெரியும். கேட்கிறேன்.

சின்னவன்


ஆகஸ்ட் 9

சின்னவனுக்கு,

நான் நலம். எழுதச் சொல்ல ஆள் இல்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தேதான் எடுத்தேன். "அவனுக்குத்தானே, நல்லா எடு" என்றாள்.

நெகட்டிவ் எல்லாம் இருக்கிறது. முகத்தை மட்டும் அல்ல, எல்லாவற்றையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாடியறைச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறேன். ஒன்றையும் அனுப்ப மாட்டேன். கவரில் வந்தால் உன் கை முதலில் கத்தரியைத்தான் தேடும்.

வந்து பார்.

அக்கா